படிக்காத புத்தகத்தை ஏன் வாங்கி அடுக்கவேண்டும்?

13 ஜூலை 2025

வாசகர் ஒருவர் கேட்டது:

"கோவைப் புத்தகத் திருவிழா வரப்போகிறது. எல்லாரும் மறுபடி பை பையாக வாங்கிப் படம் போடுவீர்கள். போன வருஷம் வாங்கியதில் பாதியைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள் இந்த வருஷம் எதற்கு வாங்கவேண்டும்? நூலகம் இருக்கிறது, மின்னூல் இருக்கிறது. ஒன்றைப் படித்து முடித்துவிட்டு அடுத்ததை வாங்கினால் என்ன குறைந்துவிடும்?"

13 ஜூலை, இரவு

குறைந்துவிடும். அந்த அடுத்த புத்தகமே இருக்காது.

முன்பெல்லாம் தமிழில் ஒரு புத்தகத்தை 1000 படி, 1200 படி அச்சடிப்பார்கள். இப்போது 300 படி போட்டாலே பெரிய விஷயம். கேட்கக் கேட்க அடித்துக் கொடுக்கும் பி.ஓ.டி. முறை வந்தபின் நூறுக்கும் குறைவாக அச்சாகி நின்றுபோகிற புத்தகங்கள் உண்டு. விற்றுத் தீர்ந்தால் மறுபதிப்பு வரும் என்று யாரும் உறுதி சொல்லமுடியாது. பதிப்பாளருக்குக் கையில் காசு வேண்டும், எழுதியவரோ வாரிசுகளோ ஒப்புதல் தரவேண்டும், அரசு நூலகங்கள் வாங்குவதற்கான நூலக ஆணை கிடைக்கவேண்டும். இதில் ஏதாவது ஒன்று தவறினால் அந்தப் புத்தகத்தின் கதை முடிந்தது.

அதனால் தமிழில் வாங்குவதும் படிப்பதும் வேறு வேறு காலத்தில்தான் நடக்கும். கண்ணில் பட்டபோது வாங்குகிறேன், மனசுக்குத் தோன்றும்போது படிக்கிறேன். வாங்கி எட்டு ஒன்பது வருஷம் கழித்துப் பிரித்த புத்தகம் ஒன்று இன்றைக்கும் எனக்கு மிகப் பிடித்தவற்றில் இருக்கிறது. அதை அன்றைக்கு வாங்காமல் விட்டிருந்தால் இன்று எங்கே போய்த் தேடுவேன்?

14 ஜூலை

நூலகத்தைப் பற்றித் தனியாக எழுதவேண்டும். நேற்று அதைத் தொடாமல் விட்டுவிட்டேன் என்று இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள்.

கிளை நூலகத்தில் உறுப்பினர் சந்தா கட்டுகிறேன், எடுத்துப் படிக்கிறேன். சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது. சுதந்திர இந்தியாவில் பொது நூலகத்துக்கென்று முதலில் வந்த சட்டம் அதுதான். சொத்துவரியோடு நாம் கட்டும் நூலக வரியும் அதன் வழியாக வந்ததே. ஊருக்கு ஊர் கிளை நூலகம் இருப்பது நமக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. பல மாநிலங்களில் இது இல்லை. இதைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது.

ஆனால் கிளை நூலகத்தின் வேலை புத்தகத்தைச் சுற்றில் விடுவது, காப்பாற்றி வைப்பது அல்ல. கிழிந்தால் கழித்துவிடுவார்கள், இடம் போதாவிட்டாலும் கழித்துவிடுவார்கள். காப்பாற்றுவது சென்னை எழும்பூரில் உள்ள கன்னிமாரா போன்ற நூலகங்களின் பொறுப்பு. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு படி அங்கே போய்ச் சேரவேண்டும். எல்லாச் சிறு பதிப்பாளர்களும் அனுப்புகிறார்களா என்றால் இல்லை. தவிர, கோயமுத்தூரில் இருக்கிற எனக்கு இரவு பத்து மணிக்கு ஒரு பத்தியைத் திருப்பிப் பார்க்கவேண்டும் என்று தோன்றினால் எழும்பூருக்கா போகமுடியும்?

14 ஜூலை, மதியம்

மின்னூல் பற்றிச் சுருக்கமாக. தமிழ் மின்னூலகத்தில் பழைய நூல்களை ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கி இன்றுவரை தன்னார்வலர்களின் உழைப்பில் நடக்கிறது. இரண்டையும் அடிக்கடி பயன்படுத்துகிறேன். ஒரு சொல்லைத் தேடிப்பிடிக்க அதற்கு ஈடு இல்லை. ஆனால் 1960களிலிருந்து 1990கள் வரை வந்து, மறுபதிப்பு காணாமல், நாட்டுடைமையும் (அரசு உரிமையை வாங்கி, யாரும் அச்சடிக்கலாம் என்று விடுவது) ஆகாமல் நடுவில் நிற்கும் புத்தகங்கள் ஏராளம். பதிப்புரிமைக் காலம் முடியாததால் ஸ்கேன் செய்து பொதுவில் வைக்கமுடியாது. விற்பனையிலும் இல்லை. அவற்றுக்குப் பழைய புத்தகக் கடையும் வீட்டு அலமாரியும்தான் கதி.

19 ஜூலை

திருவிழாவில் எதை முதலில் வாங்குவது என்று கேட்டவருக்கு.

நாட்டுடைமை ஆன ஆசிரியர்களைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பத்துப் பதிப்பகங்கள் போட்டிபோட்டு அச்சடிக்கும் நூல் அடுத்த வருஷமும் இருக்கும், அதற்கடுத்த வருஷமும் இருக்கும். நான் முதலில் போவது ஓரத்தில் ஒற்றை மேசையோடு இருக்கும் சிறு பதிப்பாளர் கடைகளுக்கு. அங்கே என் கை நீள்வது மூலமொழியிலிருந்து நேரடியாகத் தமிழுக்கு வந்த மொழிபெயர்ப்பு, கடிதத் தொகுப்பு, தன்வரலாறு, ஒரே ஒரு ஊரின் அல்லது ஒரே ஒரு தொழிலின் வரலாறு ஆகியவற்றுக்கு. நெசவாளர் ஒருவர் தன் தறியைப் பற்றி எழுதிய 80 பக்கப் புத்தகம் இன்னொரு தடவை அச்சாவது அபூர்வம். அகராதி, கலைச்சொல் தொகுதி எதுவானாலும் யோசிக்காமல் வாங்குகிறேன்.

வழக்கமான 10 சதவீதத் தள்ளுபடியை எதிர்பார்த்து வருஷம் முழுக்கக் காத்திருக்கவேண்டாம். ராஜ வீதிக்குப் போகும்போது ஒன்றிரண்டு வாங்குவது பர்சுக்கும் நல்லது, கடைக்கும் நல்லது. இப்போது பக்கத்துக்கு ஒரு ரூபாய்க்கு மேல் விலை போடுகிறார்கள். ஒரே நாளில் மொத்தமாக வாங்கினால் கை வலிக்கத்தான் செய்யும்.

அப்புறம், வாங்குமுன் புத்தகத்தை நடுவில் விரித்துப் பாருங்கள். தாள்களை ஃபாரம் ஃபாரமாக, அதாவது கட்டுக் கட்டாக, மடித்துத் தைத்திருந்தால் முதுகில் நூல் தெரியும், புத்தகம் இருபது முப்பது வருஷம் தாங்கும். வெறும் பசை மட்டும் போட்டு ஒட்டியிருந்தால் நாலாவது தடவை விரிக்கும்போது தாள் கையோடு வந்துவிடும். 600 பக்கப் புத்தகத்தைப் பசையில் ஒட்டி விற்பது வாசகருக்குச் செய்யும் அநியாயம். கடையில் இருப்பவரிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.

20 ஜூலை

வீட்டில் அத்தை கேட்டார்: "ஏங்கண்ணு, இத்தனையும் எப்பப் படிச்சு முடிப்பே?"

"முடிக்கறதுக்கு இல்லீங்கத்தை, வேணுங்கறப்ப எடுத்துக்கறதுக்கு."

"அப்பச் செரி" என்று சொல்லிவிட்டு, போன வாரம் தான் பாதியில் விட்ட பயணக்கட்டுரையை நான் எங்கே வைத்தேன் என்று கேட்டார்.

27 ஜூலை

பழைய புத்தகக் கடை பற்றி ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மூர் மார்க்கெட் நினைவாகவே இருக்கிறது. சென்ட்ரல் நிலையத்தை ஒட்டி 1900இல் திறந்த கட்டடம், 1985 மே மாதம் எரிந்துபோனது. நான் அதைப் பார்த்ததில்லை. அங்கே புத்தகம் வாங்கிய பெரியவர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். கடைக்காரருக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் எந்தப் புத்தகத்துக்கு யார் வருவார் என்று தெரியுமாம்.

எங்கள் ஊரில் உக்கடம் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. ஜூன், ஜூலையில் பாடப்புத்தகக் கூட்டம், உள்ளே நுழையமுடியாது. அது ஓய்ந்தபின் போனால் அடியில் கிடப்பதை எடுத்துக் காட்டுவார்கள். அங்கேதான் ஒருமுறை பைண்டு செய்த தொடர்கதைத் தொகுதி ஒன்று கிடைத்தது. கடைக்காரர் "இது இன்னொருக்கா வராதுங்க" என்றார். வியாபாரப் பேச்சாகவே இருக்கட்டும், அது உண்மையும்கூட.

அந்தத் தொகுதியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். யாரோ ஒருவர் வார இதழிலிருந்து ஒவ்வொரு வாரமும் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து, வரிசை தவறாமல் சேர்த்து, வருஷக் கடைசியில் பைண்டரிடம் கொடுத்திருக்கிறார். காலிகோத் துணி முதுகு, மேலே பச்சைப் பளிங்குத் தாள். உள்ளட்டையில் ஒரு பெண்ணின் பெயரும், "இரவல் வாங்குவோர் ஒரு வாரத்தில் திருப்பவும்" என்ற வரியும் நீல மையில் இருக்கின்றன. பக்கத்தின் மறுபுறத்தில் கூந்தல் தைல விளம்பரம், பாதியில் அறுந்த துணுக்கு, யாருடைய சிறுகதையின் முடிவோ தெரியாத நாலு வரி. ஒரு வாரம் மட்டும் இதழ் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அந்த அத்தியாயத்தை எங்கிருந்தோ வாங்கி, கோடு போட்ட தாளில் கையால் முழுக்க எழுதிச் சேர்த்திருக்கிறார். ஓவியம் இருக்கவேண்டிய இடத்தைக் கட்டம் கட்டி வெறுமையாக விட்டிருக்கிறார்.

அந்தக் கதை இன்று புத்தகமாகக் கடையில் கிடைக்கிறது. ஆனால் அதில் ஓவியங்கள் இல்லை, அந்தப் பெண்ணின் கையெழுத்தும் இல்லை. இரண்டும் என்னிடம் இருக்கின்றன.

28 ஜூலை

பைண்டர்கள் பசையில் மயில்துத்தம் (செப்புச் சல்பேட்) கலப்பது எதற்கு, பூச்சிக்காகவா என்று கேட்டவருக்கு: ஆமாம், பூச்சி வராமல் இருக்கத்தான். மைதாப் பசை பூச்சிக்குச் சோறு.

10 ஆகஸ்ட்

ஈரோட்டுத் திருவிழாவுக்குப் போய்விட்டு வந்தேன். பிள்ளைகள் வருஷம் முழுக்க உண்டியலில் சேர்த்த காசைக் கொண்டுவந்து வாங்குவதைப் பார்க்கவே அங்கே போகலாம். மக்கள் சிந்தனைப் பேரவை 2005இலிருந்து நடத்தும் விழா. ஒரு சிறுமி சில்லறையை எண்ணி எண்ணி அடுக்க, கடைக்காரர் அவசரப்படுத்தாமல் நின்றார். பத்து வயதில் தன் காசில் வாங்கிய புத்தகத்தை யாரும் பழைய பேப்பர்காரரிடம் போடமாட்டார்கள்.

17 ஆகஸ்ட்

அலமாரி பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதைப் பற்றித் தமிழில் யாரும் சரியாகச் சொல்வதில்லை.

முதலில் எடை. டெம்மி அளவுப் புத்தகம் (வழக்கமான நாவல் அளவு), 200 பக்கம், 70 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ தாள் என்றால் தாள் மட்டும் 210 கிராம் வரும். மூன்றடித் தட்டு நிறைய அடுக்கினால் சுமார் 20 கிலோ. அகராதி, கலைக்களஞ்சியம் வைத்தால் இன்னும் ஏறும். ஐந்து தட்டு அலமாரியில் 100 கிலோவுக்கு மேல் நிற்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்த ஆசாரி துணி அலமாரித் தட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல புஸ்தகம் வெச்சா ரெண்டே வருசத்துல தொங்கிரும்ங்க" என்றார். மரத்தூளை ஒட்டி அழுத்திய துகள்பலகை நிச்சயம் தொங்கும். முக்கால் அங்குல ப்ளைவுட் போட்டு, இரண்டரை அடிக்கு ஒரு தாங்கல் கொடுத்தால் நேராக நிற்கும். செலவு கட்டுப்படியாகாதவர்களுக்குத் துளை போட்ட இரும்பு ஆங்கிள் ராக் போதும். அழகு குறைவுதான், ஆனால் உறுதி.

மாடி வீட்டில் இருப்பவர்கள் தரையையும் யோசிக்கவேண்டும். இந்தியத் தர விதிகளில் குடியிருப்பு அறைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரம் என்று கணக்கிடுகிறார்கள். நூலகத்தின் அடுக்கு அறைக்கு அதைப்போல மூன்று மடங்கு. அறை நடுவில் வரிசை வரிசையாக ராக் போடவேண்டாம் என்பது இதனால்தான். கீழ்வீட்டுச் சுவரோ உத்தரமோ தாங்கும் இடமாகப் பார்த்து, சுவரோரமாக வையுங்கள். புதிதாக வீடு கட்டுகிறீர்கள் என்றால் பொறியாளரிடம் எந்த அறையில் புத்தகம் வரும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

சுவரோடு ஒட்டியும் வைக்காதீர்கள். இரண்டு விரல் இடைவெளி வேண்டும். மழைக்காலத்தில் வெளிச்சுவர் ஈரம் நேராகப் புத்தகத்தில்தான் இறங்கும். கீழ்த்தட்டு தரையிலிருந்து அரையடியாவது உயர்ந்திருக்கட்டும்.

18 ஆகஸ்ட்

கண்ணாடிக் கதவு வேண்டுமா? தூசிக்கு நல்லது. ஆனால் வாரத்துக்கு ஒருமுறையாவது திறந்து வையுங்கள்.

31 ஆகஸ்ட்

பட்டியல் போடுவது பற்றி.

பார்கோடை போனில் காட்டினால் விவரம் தானாக ஏறிவிடும் என்று எழுதியவரின் அலமாரியில் எல்லாம் புதுப் புத்தகமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பழைய தமிழ்ப் புத்தகங்களில் ஐ.எஸ்.பி.என். (பார்கோடில் இருக்கும் நூல் எண்) கிடையாது, கையால்தான் ஏற்றவேண்டும். நான் கணினியில் சாதாரண விரிதாளில் வைத்திருக்கிறேன்: தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், பதிப்பு, ஆண்டு, எந்த அலமாரி, எங்கே வாங்கியது, யாரிடம் இரவலில் இருக்கிறது.

இதில் சிக்கலானது ஆண்டுதான். சில பழைய நூல்களில் ஆங்கில ஆண்டே இருக்காது. "சுக்கில வருஷம் ஆனி மாதம்" என்று மட்டும் இருக்கும். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருகிறதே, அப்படியென்றால் 1869ஆ, 1929ஆ? அச்சகத்தின் பெயர், எழுத்துரு, முன்னுரை எழுதியவரின் காலம் இவற்றை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும். விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலில் புதிய காசு வருவதற்கு முன்பு அச்சானது என்ற அளவுக்காவது தெரியும். இப்படி ஒரு புத்தகத்தின் ஆண்டைக் கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் போய்விடும், அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம்.

பட்டியல் இருந்தால் இன்னொரு லாபம் உண்டு. உக்கடத்தில் நிற்கும்போதே போனில் பார்த்துவிடலாம். ஏற்கெனவே இருந்தாலும் படி நல்ல நிலையில் இருந்தால் வாங்குகிறேன், பழையதை வேண்டியவருக்குக் கொடுக்கிறேன்.

14 செப்டம்பர்

இரவல் கொடுக்கலாமா கூடாதா என்று இங்கே சண்டையே நடந்திருக்கிறது. நான் கொடுக்கிறேன். நோட்டில் பெயர், தேதி எழுதி, வாங்குபவரையே கையெழுத்துப் போடச் சொல்கிறேன். யாரும் வருத்தப்பட்டதில்லை. மறுபதிப்பு வராதது, கையெழுத்து உள்ளது, பைண்டு தொகுதி மூன்றையும் வெளியே விடுவதில்லை, வீட்டுக்கு வந்து படிக்கலாம். காபி உண்டு.

ஒரு ஆராய்ச்சி மாணவி நாலு சனிக்கிழமை வந்து உட்கார்ந்து குறிப்பு எடுத்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு பள்ளியின் வெள்ளிவிழா மலர். எந்த நூலகத்தின் பட்டியலிலும் அவளுக்கு அது கிடைக்கவில்லை. எடைக்கடையிலிருந்து நான் எடுத்துவந்தபோது அதைப் படிக்கும் எண்ணம்கூட எனக்கு இல்லை. இந்த இழையின் முதல் கேள்விக்கு என்னிடம் உள்ள நேரான பதில் அந்த மலர்தான்.

1 அக்டோபர்

இன்று சரஸ்வதி பூஜை. படிக்கக்கூடாது, ஆனால் தூசி தட்டலாம் என்பது எங்கள் வீட்டு ஏற்பாடு. எல்லாத் தட்டையும் இறக்கி, மெல்லிய பிரஷ்ஷால் மேல் விளிம்பைத் தட்டி, தட்டை உலர்ந்த துணியால் துடைத்து, மறுபடி அடுக்குவதற்கு இதைவிடச் சரியான நாள் இல்லை. பூச்சி இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். தட்டில் மாவு மாதிரி தூள் உதிர்ந்திருந்தால் உள்ளே புழு துளைக்கிறது என்று அர்த்தம். அந்தப் புத்தகத்தை உடனே தனியாக எடுத்துப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். வெள்ளி நிறத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும் பூச்சி மேலட்டையையும் பசையையும் சுரண்டும். ஈரத்தைக் குறைத்தால் அது குறையும். கரையான் மண்கோடு தெரிந்தால் மட்டும் கைவைத்தியம் வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள்.

நாப்தலீன் உருண்டையை நான் வைப்பதில்லை. படுக்கும் அறையில் அந்த நெடியைச் சுவாசிப்பது நல்லதல்ல. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கம், மிளகு, பட்டை இவற்றை இடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து வைப்பார்கள். அதையே செய்கிறேன். வாசனை போனதும் மாற்றிவிடவேண்டும்.

19 அக்டோபர்

மழை பிடித்துவிட்டது. நனைந்த புத்தகத்தை என்ன செய்வது என்று கேட்டவருக்கு அவசரமாக: வெயிலில் போடாதீர்கள், தாள் நெளிந்துவிடும். நிற்கவைத்து விசிறிபோல் லேசாக விரித்து மின்விசிறிக் காற்றில் வையுங்கள். இருபது முப்பது பக்கத்துக்கு ஒரு அச்சில்லாத வெள்ளைத் தாள் செருகி, ஈரமானதும் மாற்றுங்கள். பளபளப்பான ஆர்ட் தாள் இருந்தால் அதுதான் முதல். பிரிக்காமல் காய்ந்தால் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு பிரியவே பிரியாது. நிறைய நனைந்து நேரமில்லை என்றால் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், பூஞ்சை வளராது. பிறகு ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம்.

2 நவம்பர்

"உங்களுக்குப் பிறகு இதெல்லாம் எங்கே போகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்க்கும் ஒவ்வொருவரும் யோசிக்கவேண்டிய கேள்வி.

கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். சென்னையில் இருந்தபோது மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்க ஆரம்பித்தவர், நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் என்று எதையும் விடவில்லை. பிறகு ஊரில் வீட்டிலேயே வைத்து ஆய்வாளர்களுக்குத் தேடிக் கொடுத்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. வாங்கியும் கடல் தாண்டிக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்தார்கள். இன்று தரமணியில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் அச்சைப் பற்றி எழுதும் யாரும் அங்கே போகாமல் இருக்கமுடியாது. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி என்ற ஆசிரியத் தம்பதி தங்கள் சம்பளத்தில் சேர்த்த ஞானாலயாவும் அப்படி ஒரு வீட்டுச் சேகரிப்பாகத் தொடங்கியதே.

என்னிடம் இருப்பது அந்த அளவு இல்லை. ஆனாலும் விரிதாள் பட்டியலில் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்திருக்கிறேன்: "எங்கே போகவேண்டும்." பள்ளி மலர்கள், ஊர் வரலாறுகள், பைண்டு தொகுதிகள் ஆய்வு நூலகத்துக்கு. சிறுவர் நூல்கள் அண்ணன் மகளின் பள்ளிக்கு. மற்றவை யார் ஆசைப்படுகிறார்களோ அவர்களுக்கு. பட்டியலின் ஒரு படி அண்ணன் மகளிடமும் இருக்கிறது, மொத்தமாக எடைக்குப் போடக்கூடாது என்று அத்தை முன்னிலையில் சொல்லி வைத்திருக்கிறேன். கொடுப்பதற்கு முன் அந்தந்த நூலகத்திடம் கேட்டுவிடுங்கள். பட்டியல் இல்லாமல் மூட்டையாகக் கொண்டுபோனால் அவர்களால் எடுக்கமுடியாது.

3 நவம்பர்

இரட்டைப் படிகள் கேட்டவர்களுக்கு. இப்போது கொடுக்க இருப்பவை பெரும்பாலும் மொழிபெயர்ப்பு நாவல்கள், சில கடிதத் தொகுப்புகள், ஒரு தாவரவியல் கலைச்சொல் தொகுதி. புத்தக விலை வேண்டாம், தபால் செலவு மட்டும். பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நின்றுபோனது நமக்கெல்லாம் பெரிய நஷ்டம். 2025 மே மாதத்திலிருந்து அஞ்சல் துறையின் புத்தகச் சேவையான ஞான் போஸ்ட் இருக்கிறது: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகத்தான் போகும், ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். கலைச்சொல் தொகுதிக்கு ஏற்கெனவே ஒரு கல்லூரி மாணவர் கேட்டுவிட்டார், மற்றவற்றுக்குத் தலைப்பைச் சொல்லுங்கள்.